கோவிவனுக்குக் கள்ளனைத் தெரியுமா?

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மண்பாதையில் நடந்து போய், ஓட்டு வீடு ஒன்றின் முன் நின்றோம். முதலில் சங்கிலி இழுபடும் சத்தம், பிறகுதான் குரைப்பு. பலாமரத்தடியில் கிடந்த செவலை நாய், சங்கிலி எட்டும் மட்டும் பாய்ந்து வந்து, கழுத்து இறுக, முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில் ஆட, எங்களைப் பார்த்துக் கத்தியது. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அதை உத்துப் பாக்காதீங்க சார். கையை ஆட்டாம நில்லுங்க, அடங்கிரும்.”

நின்றோம். மரத்தைச் சுற்றிச் சங்கிலி எட்டும் தூரம் முழுக்கத் தரை தேய்ந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. அதற்கு வெளியே புல். கவராயம் வைத்துக் கீறியது போன்ற எல்லை. “ரெண்டு பேரைக் கடிச்சிருச்சு. ஆனா நல்ல காவல்” என்றார் பெரியம்மா. குறையும் பெருமையும் ஒரே மூச்சில் வந்தன. ஜவ்வாது மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. விளைச்சல் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கும். நாய் இல்லாமல் இங்கே ராத்திரி கழியாது.

மலையிலிருந்து தெற்கே இறங்கினால் செங்கம். அந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்டது. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கான கல். அதில் அவனுடைய நாயும் இருக்கிறது. நாய்க்கென்று தனியாக எழுத்தும் இருக்கிறது: அதன் பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

கோவிவனும் இருவரைக் கடித்தது, பலாமரத்தடி நாயும் இருவரைக் கடித்திருக்கிறது. ஆனால் இதனிடம் கடிபட்டவர்களில் ஒருவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், இன்னொருவர் பெரியம்மாவின் தம்பி மகன். நடுகல் எழும்ப வாய்ப்பில்லை.

கள்ளன் என்றொரு வகையை நாய் அறியாது. அதற்குத் தெரிந்தது பழகிய மணம், பழகாத மணம். வழக்கமான நடை, வழக்கமில்லாத நடை. பழகாதது நெருங்கினால் உள்ளே அச்சம் கிளம்புகிறது. மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி மணியடிக்க, இதயம் வேகம் பிடிக்க, உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிவிடும். மனிதர்களிடம் சீறும் வீட்டு நாய்கள் பெரும்பாலும் பயந்த நாய்கள்தான். ஓட வழியிருந்தால் பல நாய்கள் ஓடிவிடும். சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளிவந்த ஆய்வில், கடித்தவற்றில் முற்றத்தில் சங்கிலியில் கிடந்தவை கூடுதலாக இருந்தன. முரட்டு நாய் என்பதால் கட்டினார்களா, கட்டியதால் முரடானதா என்பதை அந்த எண்ணிக்கை மட்டும் சொல்லிவிடாது. ஆனால் அந்த வட்டத்துக்குள் நின்று யோசித்தால் எனக்கு இரண்டாவது பாதியும் நம்பும்படியாகவே இருக்கிறது.

அடுத்தது இன்னும் சுவையானது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, தபால்காரர் போய்விடுகிறார். கடிதத்தைக் கொடுத்தால் அவர் எப்படியும் போகத்தான் போகிறார். ஆனால் நாயின் கணக்கு வேறு: நான் குரைத்தேன், ஆபத்து விலகியது. பயம் விலகும் அந்த நிம்மதிதான் அதற்குக் கிடைக்கும் கூலி. தினமும் கூலி கிடைக்கும் வேலையை யார் விடுவார்? ஒருநாள் குரைப்புக்கு அசையாத ஆள் ஒருவர் வருவார். நாய் ஒரு படி மேலே போய்ப் பல்லைப் பதிக்கும். அவர் அலறிக்கொண்டு பின்வாங்குவார். கடித்தால் உடனே பலன் என்ற பாடம் ஒரே தடவையில் ஏறிவிடும்.

பல்லைப் பதிப்பதற்கு முன் அது எத்தனையோ சொல்லியிருக்கும். தலையைத் திருப்பிக்கொள்வது, நாக்கால் மூக்கை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்ப்பது, உடம்பு கட்டைபோல் விறைப்பது, உறுமுவது. “திடீர்னு கடிச்சிருச்சு” என்பவர்களில் பலர் இந்தப் பட்டியலில் உறுமலை மட்டுமே அறிந்தவர்கள். அதற்கும் அடி கொடுத்து வாயை அடைத்திருப்பார்கள். அடிபட்ட நாய் உறுமலைத்தான் விடுகிறது, பயத்தை அல்ல. இனி அது எச்சரிக்காமல் கடிக்கும்.

அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதைக் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்டார்கள். நடத்தைக் கோளாறுக்காக நாயை அழைத்துவந்த சொந்தக்காரர்களிடம், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினரிடம் நாய் திருப்பிச் சீறியிருக்கிறது. முறைத்துப் பார்த்து அடக்க முயன்றவர்களில் 30 விழுக்காடு. பெரியம்மாவுக்கு இந்த ஆய்வு தெரியாது, ஆனால் உற்றுப் பார்க்காதே என்பது தெரியும்.

பிறவிக் குணமா, வளர்ப்பா என்ற பழைய வழக்கையும் எடுத்துப் பார்த்துவிடலாம். 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் பக்கம் பெல்யாயேவ் என்ற மரபியலாளர் வெள்ளி நரிகளை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தபோது, வாலாட்டி மடியேறும் நரிகள் வந்தன. பின்னாளில் அதே பண்ணையில் சீறும் நரிகளை மட்டும் பொறுக்கி வளர்த்தார்கள். அங்கே கம்பிமேல் பாயும் நரிகள் வந்தன. அவற்றின் குட்டிகளைச் சாது நரி வளர்த்தும் குணம் மாறவில்லை. எனவே ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிறது. அதற்காகக் கோம்பை என்றாலே கடிக்கும், லாப்ரடார் என்றாலே கொஞ்சும் என்று முடிவு கட்டவும் முடியாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 விழுக்காடுதான்.

பெரிய பங்கு குட்டிப் பருவத்துக்கு. பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்த கதவு. அந்த நாட்களில் குழந்தை, கிழவர், குடை பிடித்தவர், தலையில் விறகு சுமந்தவர், பைக் ஓட்டி என்று பலரையும் பயமின்றிப் பார்த்துவிட்டால் பிற்பாடு எல்லாரும் அதற்கு மனிதர்கள்தான். பார்க்காவிட்டால் வீட்டார் மட்டுமே மனிதர்கள். மற்றதெல்லாம் கேஸ் சிலிண்டர்க்காரர்.

கதவு மூடிய பிறகு? பேச்சை இங்கே கொண்டுவந்தபோதுதான் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் போவது. நேற்றுவரை சாதுவாக இருந்த வளர்ந்த நாய் இன்று சீறினால், காதுச்சீழ், பல்வலி, இடுப்பு மூட்டு வலி என ஏதாவது இருக்கலாம். தொட்டால் வலிக்கும் உடம்பு, தொட வரும் கையை வெறுக்கும். வலி இல்லையென்று தெரிந்தால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் பயம். அதை மாற்றும் வழியின் முன்மாதிரி 1924இல் வெளியானது, அதுவும் ஒரு குழந்தைக்காக. முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்கு, மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்து நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

நாய்க்கும் இதே வழி. சூட்சுமம் தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு தள்ளி ஆள் நின்றால் நாய் பார்க்கிறது, ஆனால் குரைக்கவில்லையோ, அங்கே தொடங்க வேண்டும். ஆள் தெரிந்ததும் கருவாட்டுத் துண்டு. ஆள் மறைந்ததும் கருவாடும் நிறுத்தம். வரிசை முக்கியம்: முதலில் ஆள், பிறகு தீனி. குரைத்துவிட்டால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், பின்னால் போக வேண்டும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். எல்லா நாயும் பீட்டர் ஆகிவிடாது. சில நாய்களுக்கு ஆயுள் முழுக்க வேலி, கயிறு, வாய்மூடி வேண்டியிருக்கும். வாய்மூடியையும் உள்ளே தீனி வைத்து, அதுவே மூக்கை நுழைக்கும்படி பழக்குவது நல்லது. இதில் அலட்சியம் செய்து அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

கடித்துவிட்டால் வளர்ப்பு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சளும் சுண்ணாம்பும் காயத்தில் வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தென்பட்ட பிறகு பிழைத்தவர்கள் மிக மிகச் சிலர். அறிகுறிக்கு முன்பே உரிய காலத்தில் முழுசாகப் போட்ட ஊசி காப்பாற்றிவிடும்.

பெரியம்மா உள்ளே போய் ஒரு பிடி நெத்திலிக் கருவாடு எடுத்துவந்தார். எங்களைப் பாதை வளைவு வரை போய் நிற்கச் சொன்னார். தெரிந்தோம், ஒரு துண்டு விழுந்தது. மறைந்தோம், கை நின்றது. நாலாவது தடவை நாய் எங்களைப் பார்த்துவிட்டு உடனே அவர் கையைத் திரும்பிப் பார்த்தது. “அட, கணக்குப் புரிஞ்சிருச்சு இதுக்கு” என்றார்.

பிறகு எங்கள் ஜீப் வந்தது. கருவாடு தீர்ந்திருந்தது. ஜீப்பைக் கண்டதும் செவலை பழையபடி சங்கிலி எட்டும் மட்டும் பாய்ந்து கத்தியது. நாங்கள் ஏறிக் கிளம்பினோம். திரும்பிப் பார்த்தபோது, எங்களைத் துரத்தியடித்த திருப்தியோடு அது தன் வட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது.