வரி, வட்டி, போர் - கட்டபொம்மன் கதையின் கணக்கு

திருமுல்கேரியில் நம் சங்கத்தார் கூடும் விழாக்களில் ஏதேனும் ஒரு சிறுவன் கட்டபொம்மன் வேடமிட்டு மேடையேறாமல் இருப்பதில்லை. சென்ற விழாவில் என் அருகில் அமர்ந்திருந்த தெலுங்கு நண்பர், கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "இவர் வரி கட்டினாரா, கட்டவில்லையா? கட்ட மறுத்தவரைத் தூக்கில் போடுவது எந்தச் சட்டம்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1959-இல் வந்த திரைப்படத்தின் வசனம் மனப்பாடமாக இருந்ததே தவிர, வரலாறு இல்லை. வீடு திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அறிந்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், வரி கேட்க ஆங்கிலேயருக்கு உரிமை வந்தது எப்படி? ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கம்பெனியிடமும் அதன் ஊழியர்களிடமும் கடன் வாங்கினார். கடன் ஏற ஏற, தம் நாட்டின் வருவாயையே ஈடாகக் கொடுத்தார். 1792-இல் செய்த ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்குச் சென்றது. கடன் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் மற்றொருவர். கட்ட வேண்டியவர்களோ பாளையக்காரர்களும் அவர்களுடைய குடிகளும். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பிரெஞ்சுக்காரரோடு நடத்திய போரின் கடனைத் தீர்க்க, இங்கிலாந்து 1765-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது முத்திரை வரி விதித்தது. எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று அவர்கள் கேட்டார்கள். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, நம் நாட்டை ஆளத் தொடங்கியிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான், 1792 ஒப்பந்தம் நடந்தபோது இங்கே கவர்னர் ஜெனரல்!

இனிப் பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோம். 1798 மே மாத முடிவில் கட்டபொம்மன் வைத்திருந்த பாக்கி 3310 வராகன். கலெக்டர் ஜாக்சன் அவரை இராமநாதபுரத்துக்கு வரச் சொல்லி ஆணையிட்டார். குற்றாலம் முதலாகப் பல ஊர்களுக்குக் கட்டபொம்மன் தேடிப் போயும் பேட்டி தராமல் அலைக்கழித்தார். செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது கணக்குப் பார்த்தால், பெரும்பகுதி கட்டப்பட்டு 1080 வராகனே பாக்கி இருந்தது. ஆக, என் நண்பருக்கு முதல் பதில்: அவர் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவரை உட்காரவும் சொல்லாமல் நிற்க வைத்தே விசாரித்தார்கள், சிறைப்பிடிக்கவும் முயன்றார்கள். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார்.

அடுத்து நடந்ததைப் பலர் அறியார், நானும் அறிந்திருக்கவில்லை. கட்டபொம்மன் உடனே போருக்குப் போகவில்லை. சென்னை கவர்னருக்கு முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் மூவர் குழு அமைத்தார். அந்தக் குழு கட்டபொம்மன்மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார். நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். பிறகு ஏன் போர்?

அமெரிக்காவிலும் 1766-இல் முத்திரை வரியை நீக்கினார்கள். அதே கையோடு, எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டம் போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று தனிச் சட்டமும் இயற்றினார்கள். இங்கும் அப்படியே. அதிகாரியை மாற்றினார்கள், அதிகாரத்தை மாற்றவில்லை. புதிய கலெக்டர் லூஷிங்டனும் பாக்கியைக் கேட்டார். 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்ததும், கம்பெனியின் படைக்குக் கை ஓய்ந்தது. மேஜர் பானர்மேன் தெற்கே வந்தார். செப்டம்பர் 5-இல் கோட்டை தாக்கப்பட்டது. தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு.

வரிச்சண்டை விடுதலைப்போராக மாறியது இதற்குப் பின்புதான் என்பது என் எண்ணம். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். அது விழுந்ததும் சிவகங்கை மருது சகோதரர்களிடம் சென்றார். அந்த ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. அதில் பேசப்பட்டது கப்பப் பாக்கி அன்று. நவாப் அறியாமையால் இடம் கொடுத்தார், வெள்ளையர் வஞ்சகமாக நாட்டையே கொண்டனர், எல்லாச் சாதியாரும் ஒன்று சேருங்கள் என்ற அழைப்பு. 'என் பாளையம்' என்பது 'நம் நாடு' ஆனது அங்கேதான். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரைக்கு நவம்பரில் அதே முடிவு. எஞ்சியோரில் பலர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

அமெரிக்கர் வென்றார்கள், நம்மவர் தோற்றார்கள். ஏன்? அவர்களுடைய பதின்மூன்று குடியேற்றங்கள் ஒரே மாநாட்டில் கூடின; பிரான்சின் படையும் கப்பலும் துணை வந்தன. இங்கே எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனி பக்கம் நின்றன. ஒற்றுமைக்கான அழைப்பு, கட்டபொம்மன் மாண்டு இருபது மாதம் கழித்துத்தான் வந்தது.

நாம் வாழும் இந்த ஊரும் இக்கதைக்கு வெளியே இல்லை. 1798-இல் நிஜாம் கம்பெனியோடு படை ஒப்பந்தம் செய்தார். அந்தப் படையின் செலவுக்காக 1800-இல் கடப்பா, பெல்லாரிப் பகுதிகளையே எழுதிக் கொடுத்தார். அந்தப் படை தங்கிய இடம்தான் சிகந்தராபாத்தும் நம் திருமுல்கேரியும். எழுதிக் கொடுத்த அந்த இராயலசீமையில்தான், 1846-இல் உய்யாலவாட நரசிம்ம ரெட்டி கிளர்ந்தெழுந்தார். அவர் கேட்டதும் முதலில் ஒரு சிறு தொகைதான். குடும்பத்துக்கு வர வேண்டிய மாதம் பதினொரு ரூபாய்ச் சொச்சம். 1847-இல் கோயிலகுண்டலாவில் தூக்கு.

இதைச் சொன்னதும் என் நண்பர், "அப்படியானால் உங்கள் கட்டபொம்மனும் எங்கள் ரெட்டியும் ஒரே கணக்கில் அகப்பட்டவர்கள்" என்றார். அடுத்த விழாவில் நம் சிறுவன் கட்டபொம்மனாக வரட்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்குச் சிறுவனையும் நரசிம்ம ரெட்டியாக மேடையேற்றுவோம். 1801-இல் தாமதமாக வந்த அந்த அழைப்பை நாமாவது காலத்தில் கேட்டவர்களாக இருப்போம்.