கோலத்தில் இரட்டை இழை, கம்ப்யூட்டரில் 'ஆஃப்செட்'!

பொங்கலன்று காலையில் தாராவி 90 அடி சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வாசலுக்கு வாசல் கோலம், தெருவிலேயே பொங்கல் பானை. மாக்கோலம் போடும் பெண்கள் இரண்டு இழைகளைச் சேர்த்தே இழுத்துக்கொண்டு போவார்கள். ஒன்று வளைந்தால் மற்றதும் வளையும். நடுவில் உள்ள இடைவெளி மட்டும் மாறாது. கையில் அளவுகோல் கிடையாது.

கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்கள் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆஃப்செட்'.

வீணான தோல்

தாராவியில் ஒரு சிறிய தோல் பைப் பட்டறை. நடத்துகிறவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். முப்பது ஆண்டுகளாகக் கத்தி பிடித்தவர். அவருடைய அக்கா மகன் மாட்டுங்காவில் 'ஆட்டோகேட்' படிக்கிறான்.

ஒரு பையின் அடிப்பாகத்துக்கு அட்டை அச்சு தேவைப்பட்டது. நீளம் 30 செ.மீ., அகலம் 10 செ.மீ. தையலுக்காகச் சுற்றிலும் 1 செ.மீ. கூட விட வேண்டும். "நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாரேன் மாமா" என்றான் பையன்.

10-க்கு 1 என்று கணக்குப் போட்டு, படத்தைப் பத்து சதவீதம் பெரிதாக்கிவிட்டான். நீளம் 33, அகலம் 11 ஆனது. அதாவது, நுனிகளில் ஒன்றரை செ.மீ.; பக்கங்களிலோ அரை செ.மீ.தான்! பன்னிரண்டு துண்டு வெட்டிய பிறகே மிஷினில் வைத்தார்கள். தையல் ஓரத்தில் நிற்கவில்லை. பிய்ந்துகொண்டு வந்தது.

"என்னலே இது?"

"பெருசு பண்ணித்தான் மாமா எடுத்தேன்."

"பெருசு பண்ணுறது வேற, ஓரம் விடுறது வேறலே!"

பாடம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மாமா கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் கவராயத்தின் ஒரு காலைத் தோலின் விளிம்பில் வைத்து, மறுகாலால் கீறிக்கொண்டே போவார். அதுதானே ஆஃப்செட்?

செய்வது எப்படி?

1982-ல் வெளிவந்த ஆட்டோகேட் இன்று பல டிராயிங் ஆபீஸ்களில் இருக்கிறது. அதில் 'ஓ' என்ற ஓர் ஆங்கில எழுத்தை அடித்து என்டர் தட்டினால், எவ்வளவு தூரம் என்று கேட்கும். தூரத்தைக் கொடுத்து, கோட்டைத் தொட்டு, எந்தப் பக்கம் என்று காட்டினால் போதும். இணைகோடு வந்து நிற்கும். விலை கொடுத்து வாங்க வசதியில்லாதவர்கள் 'லிப்ரேகேட்' என்ற இலவச மென்பொருளில் பழகலாம். அங்கே இதற்குப் பெயர் 'பாரலல்'.

பையன் மறுபடி உட்கார்ந்தான். இந்த முறையும் சிக்கல். நான்கு பக்கங்களையும் நான்கு தனிக் கோடுகளாக வரைந்திருந்தான். ஒவ்வொன்றும் தன் நீளம் மாறாமல் வெளியே நகர, நான்கு மூலையும் திறந்துகொண்டன. கோடுகளை ஒரே 'பாலிலைன்' ஆக இணைத்த பிறகே மூலைகள் கூடின. 32-க்கு 12 சரியாக வந்தது.

வட்டம் வந்தால்

வட்டத்தை ஆஃப்செட் செய்தால் அதே மையத்தில் இன்னொரு வட்டம் கிடைக்கும். இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ஒரு குழாயின் வெளி விட்டம் 100 மி.மீ., சுவரின் கனம் 6 மி.மீ. என்றால், உள்நோக்கி 6 கொடுக்க வேண்டும். உள் விட்டம் 88 வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 12 என்று கொடுத்தவருக்கு 76 வரும். வேலைக்கு எடுக்கும் பரீட்சையில் இப்படி ஒரு படம் போதும், ஆளைத் திருப்பி அனுப்ப!

நீள்வட்டம் இன்னும் வேடிக்கை. அதன் ஆஃப்செட் பார்வைக்கு நீள்வட்டம் போல இருக்கும்; கணக்குப்படி அது நீள்வட்டமே அல்ல.

தண்டவாளம் சொல்லும் கணக்கு

வளைகோட்டை 'காப்பி' செய்து பக்கத்தில் நகர்த்தினால் ஆகாதா என்று கேட்கலாம். தாராவிக்கு இருபுறமும் லோக்கல் ரெயில் ஓடுகிறது. அகலப்பாதைத் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மி.மீ. கால் வட்டமாக வளையும் ஒரு தண்டவாளத்தைக் காப்பி செய்து பக்கவாட்டில் அவ்வளவு தள்ளிவைத்தால், ஒரு முனையில் இடைவெளி சரியாக இருக்கும். போகப் போகக் குறுகி, மறுமுனையில் இரண்டும் ஒரே திசைக்கோட்டில் வந்து நிற்கும். ரெயில் எங்கே போவது?

ஆஃப்செட் செய்தால் இடைவெளி மாறாது, நீளம் மாறும். கால் வட்டத்துக்கு வெளித் தண்டவாளம் உள்ளதைவிட சுமார் 2.63 மீட்டர் கூடுதலாக இருக்கும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் அதேதான். நம்ப முடியாதவர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பட்டறையில் இப்போது அட்டை அச்சு எல்லாம் மருமகன் பொறுப்பு. ஆனாலும் புது அச்சு வந்தவுடன் மாமா கவராயத்தால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் தோலில் கத்தி வைப்பதில்லை. வீணான பன்னிரண்டு துண்டுகளும் சில்லறைப் பர்ஸ்களாகிவிட்டன.