ஈட்டி மரமும் பழைய கிடாரும்

சந்தனத்துக்கு விலை ஏறியபோது ஜவ்வாது மலைக்கு என்ன நேர்ந்தது என்பதை ஜமுனாமரத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் சந்தனக் கட்டைக்கென்றே அரசுக் கிடங்கு இருக்கிறது. காட்டுக்குள் முதிர்ந்த சந்தன மரத்தைக் காண்பதுதான் அரிது. பழைய பாணி அக்கூஸ்டிக் கிடார் வாங்க ஆசைப்படுகிறவரோடு இந்த மலையிலிருந்து பேசத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கிடார்களின் விலையை ஏற்றுவதில் தென்னிந்தியக் காட்டு மரம் ஒன்றுக்குப் பெரிய பங்கிருக்கிறது. அது தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் நாம் சொல்லும் மரம்.

‘விண்டேஜ்’ என்று கடைகளில் விற்கப்படும் கிடார்களில் பெரும்பாலானவை 1930களின் அமெரிக்கக் கிடார்களைப் பார்த்துச் செய்யப்படுபவை. பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் இயங்கும் மார்ட்டின் நிறுவனம்தான் இந்த வடிவங்களுக்குத் தாய்வீடு. அகன்ற இடுப்பும் பெரிய வயிறும் கொண்ட ட்ரெட்நாட் வடிவத்தை அது தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது 1931இல். உயர்ந்த ரகங்களின் பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் அன்று பிரேசில் நாட்டு ரோஸ்வுட் பயன்பட்டது. அந்த மரம் கிடைப்பது அரிதாகவே, 1969 வாக்கில் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1992இல் பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. சுமை நம் மலைகளின் மேல் இறங்கியது.

ஈட்டி இன்று அழியும் வாய்ப்புள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது. பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2017 முதல் இந்த மரத்தின் பேரினம் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பின்பலகை ஒலியில் எவ்வளவு மாற்றம் செய்கிறது? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ரோஜர் பக்னல் என்ற கைவினைஞர் எல்லா வகையிலும் ஒன்றுபோல ஆறு கிடார்கள் செய்து கொடுத்தார். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்று ஆறு மரங்கள். 52 கிடார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எந்த மரம் என்று தெரியாமல் அவற்றை வாசித்தார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்ணில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் வரவில்லை. ஈட்டியின் கருஞ்சிவப்பு வரிகள் கண்ணுக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்காக முதிர்ந்த மரமொன்று விழ வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒலி பிறக்கும் இடம் மேல்பலகை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துச் செய்வார்கள். எடை குறைவு, நாரோட்டத்தின் திசையில் விறைப்பு அதிகம்; இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மரம் கிடைப்பது சுலபமில்லை. கம்பிகள் ஆறும் சேர்ந்து, மேல்பலகையில் அவற்றைப் பிணைத்திருக்கும் பிரிட்ஜைச் சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. பலகை அதைத் தாங்கவும் வேண்டும், தாராளமாக அதிரவும் வேண்டும். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டரை 2.7 ஆக இழைத்தால் கனத்தில் 10 விழுக்காடுதான் போகிறது. விறைப்பிலோ 27 விழுக்காடு போய்விடும்.

மேல்பலகையின் அடிப்புறத்தில் பெருக்கல் குறி வடிவில் ஒட்டியிருக்கும் சட்டங்கள்தான் இந்தச் சமநிலையைக் காக்கின்றன. 1930களில் அந்தச் சட்டங்களின் நடுப்பகுதியைக் குழிவாகச் செதுக்கி மெலிதாக்கினார்கள். சட்டத்தின் உயரம் பாதியானால் அந்த இடத்தில் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும்; பலகை எளிதில் அசையும், மந்தர ஒலி நிறையும். தடித்த கம்பிகளை மாட்டிப் பலர் பலகையைப் புடைக்க வைத்ததால் மார்ட்டின் 1944இல் செதுக்குவதை நிறுத்தியது. பழைய ஒலியைத் தேடியவர்கள் விடாமல் கேட்டதன் விளைவாக 1976இல் மறுபடி தொடங்கியது. ஆகவே விண்டேஜ் பாணி என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே சட்டம் செதுக்கியதா என்பதே. அப்படியென்றால் மெல்லிய கம்பிகளோடு நின்றுகொள்ளுங்கள்.

பெட்டியின் அளவும் சேர்ந்து பேசும். ட்ரெட்நாட்டின் உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே அதிரும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் சுரம் அங்கேதான் விழுகிறது. ஸ்ட்ரம் செய்து பாடுகிறவருக்கு அந்த முழக்கம் துணை. விரலால் தனித்தனியாக மீட்டுகிறவருக்கு அதுவே மற்ற சுரங்களை மூடிவிடலாம். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் நிலவைப் பாடும் பாட்டின் தொடக்கத்தில் ஆர்.சந்திரசேகர் வாசித்த கிடாரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் தனியே எண்ணும்படி விழும். அந்த வகை வாசிப்பைத் தேடுகிறவருக்கு இடுப்பு ஒடுங்கிய சிறிய பெட்டியும், கம்பிகளுக்கிடையே விரல் புழங்க இடம் தரும் அகன்ற நெக்கும் நல்லது. கம்பி நீளமும் கவனிக்கத்தக்கது. 64.5 சென்டிமீட்டருக்குப் பதில் 63.2 என்றால் இழுவிசை ஏறக்குறைய 4 விழுக்காடு குறையும். விரல் நுனி வலிக்கிற தொடக்கக்காரருக்கு அது தெரியும்.

இனி மலையின் ஈரம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தரையைத் தொடும். பங்குனி, சித்திரையில் பகல் காற்று வறண்டுவிடும். கிடார் தொழிற்சாலைகள் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்து மரத்தை ஒட்டுகின்றன. அந்தக் கருவி நம் மழைக்காலத்துக்கு வந்ததும் மேல்பலகை ஈரம் உறிஞ்சி நாரோட்டத்துக்குக் குறுக்கே விரியும், வயிறு புடைக்கும், கம்பி ஃப்ரெட்டைவிட்டு மேலேறும். கோடையில் சுருங்கி, மோசமானால் விரிசலும் விழும்.

பழமையை அச்சு அசலாகக் காட்ட வேண்டும் என்று நெக்குக்குள் திருகி முறுக்க முடியாத இரும்புச் சட்டம் வைக்கும் ரகங்கள் இருக்கின்றன. மலையில் வசிப்பவருக்கு அவை வேண்டாம். பருவத்துக்குப் பருவம் நெக்கை நேராக்கத் திருகும் வசதி கட்டாயம் வேண்டும். விலங்குத் தோல் பசையால் ஒட்டிய கருவிகளும் வெப்பமும் ஈரமும் சேரும்போது நெகிழக்கூடியவை. ஆக்சிஜன் குறைந்த அடுப்பில் வறுத்தெடுத்த மேல்பலகையைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. பழைய ஒலி தரும் என்று விளம்பரம் செய்வார்கள். அதைவிட முக்கியமான பயன் வேறு. சூட்டில் மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் சிதைவதால் அது முன்போல ஈரம் உறிஞ்சாது. சற்று நொறுங்கும் தன்மை கூடும், தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரவரி வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. மேல்பலகை முழுமரமாக இருக்கட்டும், பின்பலகை ஒட்டுப்பலகையானாலும் பரவாயில்லை. ஈரத்தில் அது குறைவாகவே அசையும். ஃப்ரெட்டுகளின் மேல் நேரான அளவுகோலை வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். பிரிட்ஜின் மேல்விளிம்பை அது தொட வேண்டும். அதற்கும் கீழே இறங்கி முட்டினால் நெக்கைக் கழற்றிச் சரிசெய்யும் பெரிய செலவு காத்திருக்கிறது. எந்த மரமானாலும் அந்தக் கிடாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.