தண்டனை எங்கே போகிறது?

ராகிங்கில் தண்டனை பெற்ற மாணவன் வேறு கல்லூரிக்குப் போனால், அந்தத் தண்டனையும் மாற்றுச் சான்றிதழில் ஏறி அவனோடு போக வேண்டும். இது யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதி. கூடப் படிக்கும் பெண்ணிடம் பாலியல் வன்முறை செய்து தண்டனை பெற்றவனைப் பற்றிய விதிகளில் அப்படி ஒரு வரி கிடையாது. கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஆசிரியை நான். என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம் இதுதான்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. மாணவிகளுக்கும் சேர்த்து யு.ஜி.சி. வகுத்த விதிகள் 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஏழு நாளில் புகாரின் நகல் புகாருக்கு ஆளான மாணவன் கைக்குப் போகும். பதில் சொல்ல அவனுக்குப் பத்து நாள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். முதல்வரோ துறைத் தலைவரோ குழுவில் உட்காரக் கூடாது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூன்று பேர் உட்கார வேண்டும்.

எழுத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 90 நாளும் புகார் கொடுத்த பெண் கல்லூரிக்கு வந்தாக வேண்டுமே! ஒரு புகாரில் இருவரும் வேதியியல் மாணவர்கள். ரோல் நம்பர் வரிசைப்படி ஆய்வகத்தில் அடுத்தடுத்த இடம். அவன் பியூரெட்டை எடுக்கக் கை நீட்டினாலே அவள் கை நடுங்கி, டைட்ரேஷன் அளவு தப்பிப்போனது. பேட்சை மாற்றலாம் என்றதும், "அந்தப் பொண்ணை மாத்திடலாமே" என்றுதான் துறையில் எல்லோரும் சொன்னார்கள். விதியில் இருவரில் யாரையும் மாற்ற இடமுண்டு. நாங்கள் அவனை மாற்றினோம். புகார் கொடுத்தவளே இடத்தையும் காலி செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்?

குற்றம் உறுதியானால் நூலகம், விடுதி, உதவித்தொகை ஆகியவற்றை நிறுத்திவைக்கலாம். இடைநீக்கம் செய்யலாம். மிகக் கடுமையான தண்டனை, பெயரை அடித்து வெளியேற்றி மறுசேர்க்கையை மறுப்பது. அந்த மறுப்பும் அந்த ஒரு கல்லூரியோடு சரி.

இது பெற்றோர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விசாரணை பாதியில் இருக்கும்போது ஒரு தகப்பனார் வந்தார். "மேடம், டி.சி. வாங்கிக்கிறோம். விஷயத்தை இதோட விட்டுடுங்க" என்றார். அலுவலகத்தில் 'ஒழுக்கமும் பண்பும்' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதி, முத்திரை குத்தி, அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். பையன் வேறு ஊரில் சேர்ந்துவிட்டான். அங்கே அவன் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு யார் சொல்வது?

ராகிங்கைத் தடுப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னால் நடந்தது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொலையுண்டார். 1997இல் வந்த சட்டம், ராகிங் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரை வேறெந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது என்றது.

அமெரிக்காவிலும் ஓர் உயிர் போன பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 2014இல் வர்ஜீனியாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றவன் 2002இல் ஒரு கல்லூரியிலும் 2003இல் இன்னொன்றிலும் பாலியல் வன்முறைப் புகாருக்கு ஆளாகி வெளியேறியவன். அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. பாலியல் வன்முறைக்காக நீக்கப்பட்டாலோ, விசாரணை நடக்கும்போதே விலகினாலோ மதிப்பெண் பட்டியலில் குறிக்க வேண்டும். குற்றமில்லை என்று முடிவானால் அந்தக் குறிப்பை எடுத்துவிட வேண்டும். அதே 2015இல் நியூயார்க்கும் இதுபோன்ற சட்டம் இயற்றியது. அங்கே இடைநீக்கக் குறிப்பை, அந்தக் காலம் முடிந்து ஓராண்டுக்குப் பின் எடுத்துவிடக் கேட்கலாம். நிரந்தர நீக்கம் என்றால் குறிப்பு அழியாது.

தண்டனைக்கு ஏற்பக் குறிப்பும் மாறும் இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. புகார் வந்த உடனேயே ஒரு மாணவனின் சான்றிதழில் கறை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும், சாட்சிகளை விசாரிக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழிவிட வேண்டும். புகார் நிரூபணமாகவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் யு.ஜி.சி. விதிகள் சொல்கின்றன. இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்க ஒரே வழி, விசாரணையை முடிப்பதுதான். டி.சி. வாங்கிக்கொண்டு போனாலும் முடிக்க வேண்டும்.

யு.ஜி.சி. செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. ராகிங் விதியில் இருக்கும் அந்த வரியைப் பாலியல் தொல்லை விதிகளிலும் சேர்க்கட்டும்: குற்றம் உறுதியாகி, மேல்முறையீடும் முடிந்தால் தண்டனையைச் சான்றிதழில் எழுது, விசாரணை நிலுவையில் இருக்கும்போதே விலகினால் அதையும் எழுது, குற்றமில்லை என்று முடிவானால் எடுத்துவிடு. அதுவரை, முதல்வர்களே, புகார்க் குழுவைக் கேட்காமல் டி.சி.யில் கையெழுத்துப் போடாதீர்கள்.