முதல் ஆளுக்குக் கூலி: பெயிண்டர் மேஸ்திரிக்கு வரும் சோதனை

பெங்களூரில் தனியாளாகப் பெயிண்டு வேலை செய்து வந்தவர், ஒரு நாள் ஆள் வைத்துத்தான் தீர வேண்டும் என்ற நிலைக்கு வருகிறார். மாடி வீடு ஒன்றை ஒருவரே சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் அடித்து முடிப்பதென்றால் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டார். ஏணியைப் பிடிக்கவாவது ஒரு கை வேண்டும் அல்லவா!

அந்த முதல் ஆள் யார்? பெரும்பாலும் ஊரிலிருந்து வரும் அக்காள் மகன். அல்லது மனைவி வழிச் சொந்தம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ மேஸ்திரி குடியிருக்கும் சின்ன வீட்டில் அவனும் தங்குவான். சாப்பாடும் அங்கேதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

"சேர்த்து வையுங்க மாமா"

"செலவுக்கு மட்டும் கொடுங்க மாமா, கூலியை நீங்களே சேர்த்து வையுங்க" என்பான் பையன். மாமாவும் தலையாட்டுவார். நாள் கூலி எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பது என்று இருவரும் வாய் திறப்பதில்லை. சொந்தத்துக்குள் கணக்குப் பேசக் கூச்சம்!

அந்தப் பணம் அடுத்த வேலைக்குப் பிரைமராகவும் பெயிண்டு டப்பாவாகவும் மாறி விடுகிறது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பையன் மொத்தத்தையும் கேட்பான். மாமா கையில் இருக்காது. அடுத்து அக்காளிடமிருந்து போன் வரும். "என் பிள்ளையை வருஷம் பூராவும் சும்மா வேலை வாங்கினாயா?" இந்த ஒரு கேள்வியில் முறிந்த உறவுகள் ஏராளம்.

இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, வேலை நாள், கொடுத்த முன்பணம், பக்கத்தில் பையனின் கையெழுத்து. கூலியை அவனுடைய பாங்கிக் கணக்கிலேயே போட்டு விட்டால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரர் இழுத்தாலும்...

வீட்டுக்காரர்கள் தவணை தவணையாகத்தான் பணம் தருவார்கள். கடைசித் தவணைதான் இழுக்கும். "இங்கே திட்டுத் தெரிகிறது, அங்கே கோடு தெரிகிறது" என்று நாள் கடத்துவார்கள். ஆளின் வயிறு அதுவரை காத்திருக்குமா? நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 12 நாளுக்கு 9,600 ரூபாய். இவ்வளவையாவது தனியே எடுத்து வைக்காமல் ஆளைக் கூப்பிடுவது, கடன்காரனைக் கூப்பிடுவதற்குச் சமம். தனியாளாக இருந்தபோது பேசிய ரேட்டையே இப்போதும் பேசுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடைசியில் ஆளின் கூலிதான் மிஞ்சும். தங்கள் கூலி மிஞ்சாது.

சட்டம் என்ன சொல்கிறது?

"ஒரே ஆள்தானே, நமக்கென்ன சட்டம்?" என்று நினைப்பது தவறு. 2019-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தவருக்கும் பொருந்தும். அதன்படி நாள் கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வாரக் கூலி என்றால் வார விடுமுறைக்கு முன்பு, கடைசி வேலை நாளில். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந்தேதிக்குள். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி. முன்பணம், தங்கும் இடம் என்று எதற்காகப் பிடித்தாலும், மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே பேசவும் முடியாது. 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம்.

ஏணி சறுக்கினால்?

சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலில் ஓட வேண்டியவர் மேஸ்திரிதான். பாங்கி மூலம் வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்து இன்சூரன்ஸ் கிடைக்கிறது. 18 முதல் 70 வயதுள்ளவர்கள் சேரலாம். விபத்தில் மரணம் ஏற்பட்டால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் சாதாரண எலும்பு முறிவுக்கு இதில் பணம் வராது. அதற்கு மேஸ்திரியின் கைப்பணம்தான்.

ஆள் வேலையை விட்டு நின்றாலும், மேஸ்திரியே நிறுத்தினாலும், பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்து விட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பையன் திரும்பி வருவானா, மாட்டானா என்பது அவன் பஸ் ஏறுவதற்கு முன்பே பாதி தெரிந்து விடும்.