ரைஸ் குக்கரில் சோறு குழையுதா, சீக்கிரமே சுவிட்ச் விழுதா? நடுவில் இருக்கும் அந்த ஒரு பட்டனைப் பாருங்க!

செஞ்சின்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ராஜகிரி கோட்டைதான் ஞாபகம் வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருந்து இடம்பிடித்தது இது ஒன்றுதான். ஆனால் சுத்துப்பட்டு கிராம விவசாயிகளுக்கு செஞ்சி என்றால் 'கமிட்டி'. அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அறுவடை சமயத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கோட்டைக்குள் போனாலும் பெரிய நெற்களஞ்சியம் ஒன்றைப் பார்க்கலாம். முகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகை போட்டும் 1698-ல்தான் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. உள்ளே சோறு இருந்தால்தானே அவ்வளவு காலம் தாங்க முடியும்!

இப்படி நெல்லோடு வாழும் ஊரில், எங்க பெரியம்மா வீட்டு எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் ஒரு வருஷமா பரணில் கிடந்தது. பெரியம்மாவுக்கு வயது 70 தாண்டிவிட்டது. பசங்க சென்னையில். 'அடுப்பை அணைக்க மறந்துட்டா என்ன பண்றது'ன்னு பயந்து அண்ணன் வாங்கிக் கொடுத்த குக்கர் அது. "கஞ்சி மாதிரி ஆயிடுதுப்பா, யாரு திங்கறது?" என்று அவங்க அதை மேலே ஏத்திட்டாங்க. அப்புறம் இறக்கினபோது நடந்தது வேறு கதை. ஒயர் கருகிய வாசனை வீடு முழுக்க. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடலாம். நம்ம ஊரில் குக்கர் என்றால் விசில் அடிக்கும் பிரஷர் குக்கர்தான். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் சின்னமாகவே நின்று ஜெயித்தது அதுதான். இந்தக் கட்டுரை பேசப்போவது விசில் அடிக்காத, கரண்டில் ஓடும் ரைஸ் குக்கர் பற்றி.

சோறு வெந்துடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

உள்பாத்திரத்தை வெளியே எடுத்துப் பாருங்க. அடியில் வட்டமான ஹீட்டர் தட்டு, அதன் நடுவில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த சின்ன பட்டன். விரலால் அழுத்தினால் உள்ளே போய் மேலே வரும். குக்கரின் மூளை இதுதான்.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை, எவ்வளவு சூடு கொடுத்தாலும் அடிப்பாகம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். கொடுக்கும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும். அரிசி தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்ததும் அடிப்பாகம் சட்டென்று 100-ஐத் தாண்டும். பட்டனுக்குள் இருக்கும் காந்தம் அதைவிடக் கொஞ்சம் அதிக சூட்டில் தன் இழுவிசையை இழந்துவிடும். உடனே 'டக்'குன்னு ஒரு சத்தம். சுவிட்ச் மேலே வந்து 'வார்ம்' விளக்கு எரியும். அவ்வளவுதான். குக்கருக்கு நேரமும் தெரியாது, அரிசியும் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த யோசனை ஜப்பானில் இருந்து வந்தது. 1955 டிசம்பரில் டோஷிபா முதல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை உருவாக்கியவர் யோஷிததா மினாமி. ஆனால் வீட்டில் விதவிதமாகச் சோறு வடித்துப் பார்த்து, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்று சோதித்தது அவர் மனைவி ஃபுமிகோ. அந்த முதல் குக்கரில் இரண்டு பாத்திரங்கள். வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் சூடு ஏறி சுவிட்ச் அணைந்துவிடும். காந்த பட்டன் பின்னாடி வந்தது, தத்துவம் ஒன்றுதான்.

நம்ம பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்குது. ஜப்பான்காரங்க சாப்பிடுவது ஒட்டிக்கொள்ளும் சோறு. வைத்த தண்ணீரை முழுசும் அரிசியே குடிக்க வேண்டும். நமக்குப் புழுங்கல் அரிசி, பொலபொலவென்று உதிரி உதிரியாக வேண்டும், கஞ்சியை வடிக்க வேண்டும். குக்கர் அந்த ஊர் சோற்றுக்கு யோசித்தது. நாம்தான் அளவை மாற்றி அதைப் பழக்க வேண்டியிருக்கு.

சோறு ஏன் குழையுது?

பெரியம்மா வீட்டுக்கு வருவது சொந்த நிலத்து நெல். அறுத்து, அவித்து, அரைத்து ஒரு மாசம்கூட ஆகாத புது அரிசி. புது அரிசி குறைவான தண்ணீரிலேயே வெந்து சீக்கிரம் குழையும். பழைய அரிசிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். சட்டியில் வடிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, வெந்ததும் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து வடித்துவிடுவாங்க. குக்கரோ தண்ணீர் தீரும்வரை விடாது. அதிகமாக ஊற்றிய தண்ணீர் எல்லாம் சோற்றுக்குள்தான் போகும்.

பச்சரிசி என்றால் ஒரு கப்புக்கு 2 கப் தண்ணீர். பொன்னி புழுங்கல் என்றால் அரை மணி நேரம் ஊறவைத்து 3 கப். இதில் ஆரம்பிக்கலாம். புது அரிசியாக இருந்தால் அரை கப் குறைத்துப் பாருங்க. ரேஷன் புழுங்கல் அரிசிக்குக் கூடக் கொஞ்சம் தேவைப்படும். ஒரு மூட்டை மாறினால் அளவு மாறும், இரண்டு நாள் பார்த்தால் பிடிபடும். குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி, சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். வீட்டு டம்ளரில் அரிசியும் அந்தக் கப்பில் தண்ணீரும் அளந்தால் கணக்கு நிச்சயம் தப்பும். எதில் அரிசி அளந்தீங்களோ, அதிலேயே தண்ணீரும் அளங்க.

வடித்துத்தான் சாப்பிடுவேன் என்றால் குக்கரிலும் வடிக்கலாம். ஆனால் தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை அது தானாக நிற்காது. பக்கத்தில் இருந்து பார்த்து நீங்கதான் சுவிட்சைத் தூக்கணும், பிளக்கைப் பிடுங்கின பிறகு பாத்திரத்தை எடுக்கணும். அடுப்பை மறக்கும் வயதானவங்களுக்காக வாங்கினதே வீண் என்றாகிவிடும். அவங்களுக்குப் பழகிய வடிசோறா, தானாக அணையும் பாதுகாப்பா என்று வீட்டில் பேசி முடிவு பண்ணிட்டு வாங்குவது நல்லது. எங்க வீட்டில் இதைப் பேசவே இல்லை.

சர்க்கரையைக் குறைக்கும் குக்கர் என்றும் விளம்பரம் வருகிறது. வடிக்கும்போது கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போவது உண்மை. மிச்சம் இருப்பதும் சோறுதான். அதை நம்பி மாத்திரை அளவை நீங்களே மாற்றாதீங்க.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டரை வைத்து முடிவு பண்ணாதீங்க. சில கம்பெனி பாத்திரத்தின் முழுக் கொள்ளளவைப் போடும், சில கம்பெனி வேறு கணக்கு போடும். 'எத்தனை கிராம் அரிசி போடலாம்' என்று கேளுங்க, அதுதான் உண்மையான அளவு. தனியாக இருக்கிறவங்களுக்கும் இரண்டு பேருக்கும் அரை கிலோ அளவு பிடிக்கும் சின்ன குக்கரே போதும். 'விருந்தாளி வந்தா உதவுமே' என்று பெரிசா வாங்கி, தினமும் ஒரே ஒரு கப் அரிசி போட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி மேலே வேகாமல் கீழே அடிப்பிடிக்கும்.

கடையிலேயே மூடியைத் திறந்து உள்பாத்திரத்தை எடுங்க. நடு பட்டன் தடையில்லாமல் அமுங்கி எழுகிறதா, பாத்திரத்தின் அடி சமமாக இருக்கிறதா, ஹீட்டர் தட்டில் நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஐஎஸ்ஐ முத்திரை, மூன்று முனை பிளக், தடிமனான ஒயர் கட்டாயம். கண்ணாடி மூடி இருந்தால் நல்லது, வெந்ததா என்று அடிக்கடி திறக்க வேண்டாம். உள்பாத்திரம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டு வைங்க, முதலில் கெடுவது அதுதான்.

ஆன்லைனில் 200 ரூபாய் குறைவு என்று வாங்கும்முன், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று பாருங்க. செஞ்சிக்காரர் ஒருவர் பழுதான குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறினால் அந்த 200 ரூபாய் அதிலேயே போய்விடும். பில்லைப் பத்திரமாக வைங்க. வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கரண்ட் பில் எகிறுமா?

பெரிதாக இல்லை. 700 வாட் குக்கர் 40 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் குறைவு. தினமும் ஒரு வேளை வைத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 28 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாக கரண்ட் பயன்படுத்தும் வீட்டில் இது அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது 'வார்ம்'. அது 40 வாட் அளவில் இழுத்தால், ராத்திரி முழுக்க 10 மணி நேரத்துக்கு 0.4 யூனிட் ஆகிவிடும். கிட்டத்தட்ட இன்னொரு வேளை சோறு வைக்கும் செலவு!

லோ வோல்டேஜ் நேரத்தில் சோறு லேட்டாவதற்கும் காரணம் உண்டு. 230 வோல்ட் 180-ஆகக் குறைந்தால் சூடு கால்பங்கு மட்டும் குறையும் என்று நினைப்போம். உண்மையில் 40 சதவீதம் குறையும். 700 வாட் குக்கர் சுமார் 430 வாட் குக்கராகிவிடும். பம்புசெட் ஓடும் நேரத்தில் கிராமத்து வீடுகளில் இது நடக்கும். குக்கர் ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஒரு பருக்கை போதும், கெடுக்க

பட்டனும் தட்டும் பாத்திரத்தை ஒட்டி இருந்தால்தான் எல்லாம் சரியாக நடக்கும். ஒரே ஒரு சோற்றுப் பருக்கை நடுவில் மாட்டினால்கூட பாத்திரம் சாய்ந்து உட்காரும். ஒரு பக்கம் வேகாது, இன்னொரு பக்கம் கருகும், சுவிட்சும் நேரத்துக்கு விழாது. அரிசி களைந்துவிட்டுப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்த பிறகே உள்ளே வைங்க. வைத்ததும் இடவலமாக லேசாகத் திருப்பிவிட்டால் சரியாக உட்கார்ந்துவிடும்.

இன்னொரு தப்பு நிறைய வீட்டில் நடக்குது. ஆறின குழம்பைச் சுட வைக்க, குக்கர் பாத்திரத்தைத் தூக்கி கேஸ் அடுப்பில் வைத்துவிடுவாங்க. அடி வளைந்துபோகும். அப்புறம் அந்தப் பாத்திரம் பட்டனை ஒழுங்காகத் தொடவே தொடாது. புளி, தக்காளி சாதத்தை அலுமினியப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க விடுவதும் வேண்டாம், அரித்துவிடும்.

கஞ்சி பொங்கி வழிந்தால், பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் தட்டைத் துடைங்க. காய்ந்து கருகியதை நைசான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்கலாம். குக்கர் உடம்பைக் குழாயடியில் காட்டவே கூடாது. அடியில் கஞ்சி வாசனைக்கு எறும்பும் கரப்பானும் குடியேறும், மாசம் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்க.

கருகிய ஒயர் கதை

பெரியம்மா குக்கரில் ஒருநாள் தக்காளி சாதம் செய்யப் பார்த்தாங்க. எண்ணெய் ஊற்றி வெங்காயம் வதக்கினதும் சுவிட்ச் 'டக்'குன்னு விழுந்தது. மறுபடி அழுத்தினாங்க, மறுபடி விழுந்தது. அது பழுதே இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் இல்லை, சூடு 100-ஐத் தாண்டிவிட்டது, பட்டன் தன் வேலையைச் செய்தது. ஆனால் அவங்க ஸ்பூன் ஒன்றைச் சொருகி சுவிட்சை விழாமல் நிறுத்திட்டாங்க. உள்ளே இருந்த தெர்மல் ஃப்யூஸ் போய், குக்கர் ஓடவே இல்லை.

தெர்மல் ஃப்யூஸ் என்பது சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் சின்ன பாகம். விலை மலிவுதான். புதுசு போடாமல், பக்கத்தில் ஒரு ரிப்பேர்காரர் அந்த இடத்தில் வெறும் ஒயரை முறுக்கி நேரடியாக இணைத்துக் கொடுத்துட்டார். குக்கர் ஓடியது, பெரியம்மாவுக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் அவங்க வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே புகை. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து மெயினை அணைத்தாங்க. அவங்க அன்று வீட்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கு.

ரிப்பேருக்குக் கொடுத்தால் 'ஃப்யூஸ் மாத்தினீங்களா, டைரக்ட் பண்ணீங்களா' என்று கேளுங்க. டைரக்ட் பண்ணிய குக்கரை வீட்டில் வைக்காதீங்க. மூன்று முனை பிளக்கின் எர்த் பின்னை உடைத்தோ, இரண்டு முனை அடாப்டர் போட்டோ பயன்படுத்துவதும் இதே வகை ஆபத்துதான். உலோக உடம்பில் கரண்ட் கசிந்தால் எர்த் வழியாகப் போகாது, தொடும் கை வழியாகப் போகும். ஒயர் குக்கரில் சொருகும் இடம் லூசாக இருந்து சூடானால் ஒயரை மாற்றிடுங்க. அயர்ன் பாக்ஸ் ஓடும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் குக்கரையும் போடாதீங்க.

மிச்ச சோற்றை அப்படியே விடலாமா?

சுவிட்சை அணைத்து மூடி போட்ட குக்கரில் ராத்திரி சோற்றை விடுவது நல்லதல்ல. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். காலையில் சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது, வாந்தி வரும். சோறு 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்கணும், இல்லையென்றால் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குப் போகணும்.

அப்போ பழைய சோறு? அதில் தண்ணீர் ஊற்றிவிடுவதால் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிக்கும், அது வேறு கணக்கு. பெரியம்மா இப்போ புது ஃப்யூஸ் போட்ட அதே குக்கரில், அரை கப் தண்ணீர் குறைத்துச் சோறு வைக்கிறாங்க. மிச்சத்தை மட்டும் ஆறியதும் மண்சட்டிக்கு மாற்றித் தண்ணீர் ஊற்றிடுறாங்க. "குக்கர் சோத்துல பழையது அவ்வளவு நல்லா வரல" என்று இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கு.