பாட்டியின் மாத்திரைப் பை

திருவண்ணாமலையில் பௌர்ணமி. மாட வீதியில் கூட்டம் நெரிகிறது. அந்தச் சந்தடியில், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஏம்மா, நான் மாத்திரை சாப்பிட்டேனா?"

காலையில் மருமகள் கொடுத்தாயிற்று. சற்றுப் பொறுத்து மகனும் கொடுத்தாயிற்று! சர்க்கரை மாத்திரைகளில் சில, இரண்டு தடவை உள்ளே போனால் மயக்கத்தில் கொண்டு விடும். மறதி நோய் கண்டவரை விசாரித்துப் பயனில்லை. கொடுப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போடட்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு, கேளுங்கள். ஞாபக சக்திக்காக டாக்டர் 'டோனெபெசில்' எழுதித் தருகிறார். மூளையிலுள்ள அசிடைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் அது காக்கிறது. ஜலதோஷத்துக்கென்று கடையில் வாங்குகிறோமே, 'குளோர்பெனிரமின்' போன்ற மாத்திரைகள், அவை அதே ரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. ஒரு கை கோலம் போட, மறு கை அழிக்கிற கதைதான். பாட்டிக்குத் தடுமாற்றம் அதிகமானால் நோய் முற்றிவிட்டதென்று பயப்படுகிறோம். சில சமயம் குற்றவாளி மாத்திரையாக இருக்கும்.

சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொருவர். ஒருவர் சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டு வருகிறவரிடம் மற்ற மாத்திரைகளையும் காட்டுங்கள். மருந்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள். லேகியம், கண் சொட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டர் மேஜை மேல் கொட்டுங்கள். எதை நிறுத்துவதென்று அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போகும்போது பாட்டியையும் அழைத்துப் போங்கள். எந்த மாத்திரை தலையைச் சுற்றுகிறது என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கலாம்.